கூப்பிடுகிறவள்

எச்சிலை விழுங்கிப் பார்த்தாள் வசந்தாமணி. தொண்டை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நேற்று சாயங்காலம் கடையில் சேமியா ஐஸ் வாங்கித் தின்றாள், அது போதாதென்று இன்னொன்றும் தின்றாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெறுந்தரையில் படுத்தாள். வேறு யாருக்காவது என்றால் விடிவதற்குள் குரல் போயிருக்கும், இந்தப் பாழாய்ப்போன தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்டை கட்டினவளிடம் வந்து கூப்பிடு என்று யாரும் சொல்லப்போவதில்லை, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள், நாயும் பிழைத்திருக்கும். இப்போது சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்திருக்கிறார்கள். எதிரே சோளத்தட்டு அறுத்த காடு நீளமாகக் கிடந்தது, அதன் கடைசியில் கிளுவை வேலியோரம் ஆட்கள் தெரிந்தார்கள், முகம் தெரியவில்லை, புருசன் சென்னியப்பனின் மஞ்சள் துண்டு மட்டும் தெரிந்தது. அந்தத் துண்டுக்குக் கீழே, அவன் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறுக்கின பிடியில் அவர்கள் நாய் முத்தான் இருக்க வேண்டும். வேறு ஊர்களில் முயல்தோலைக் கயிற்றில் கட்டி மிஷின் வைத்து இழுக்கிறார்கள், நாய் அதைத் துரத்துகிறது. இந்த ஊர்க் கோயில் நோம்பியில் அதெல்லாம் கிடையாது. அந்தக் கடைசியில் ஒருவர் நாயைப் பிடித்து விடுவார், இந்தக் கடைசியில் ஒருவர் நின்று கூப்பிடுவார், அவ்வளவுதான் பந்தயம். கூப்பிடுகிறவர் அந்த நாய்க்குச் சோறு வைக்கிறவராக இருக்க வேண்டும், சோறு வைக்கிற குரலுக்குத்தான் நாய் உயிரைக் கொடுத்து ஓடும் என்பார்கள். உயிரைக் கொடுத்து என்பதை அவர்கள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள். அவள் சும்மா நினைக்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். "ஏனுங்க்கா, அடுத்தது நம்முளுதுதான், தொண்டையை ஒருக்கா சரி பண்ணிக்குங்க" என்றான் பின்னாலிருந்து தங்கராசு. மருந்துக்கடை வைத்திருப்பவன், சென்னியப்பனுக்குக் கூட்டாளி, ஊர் நாய்களுக்கெல்லாம் படிக்காத டாக்டர். காலையில் முத்தானுக்கு ஊசி போட்டதும் அவன்தான்.

ஊசி எதற்கு என்று அவள் கேட்கத்தான் செய்தாள். அதற்கு முன்னால் அவள் கைதான் முதலில் கண்டுபிடித்தது, தினமும் விடியற்காலை நல்லெண்ணெயைக் காய்ச்சி முத்தானின் காலுக்குத் தேய்த்து விடுகிற கை, அந்தக் காலில் எந்த நரம்பு எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். நேற்றே பின்னங்கால் மூட்டுக்கு உள்பக்கம் ஒரு இடம் சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின சட்டியின் வயிறு மாதிரி அங்கே மட்டும் சூடு. கட்டைவிரலை மெதுவாக வைத்தாள், முத்தான் கத்தவில்லை, தலையை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டது. இந்த ஜாதியே அப்படித்தான், பஞ்சாபுப் பக்கமிருந்து வந்த ஜாதி, நெஞ்சும் காலும் மட்டும் வைத்துச் செய்த உடம்பு, குரலை வைக்க மறந்துவிட்டார்கள் போல. திருடன் வந்தாலும் குரைக்காது, பசித்தாலும் கேட்காது, வலித்தால் சுவரைப் பார்க்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். வந்த புதிதில் அவள் பதறிப்போய் உலுக்கினாள், செத்துவிட்டதென்று நினைத்து. அப்புறம் பழகிவிட்டது என்று வெளியே சொல்லிக்கொள்கிறாள், உண்மையில் பழகவேயில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால் அது சாய்ப்பில் கிடந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும், பார்க்காமலும் இருக்கும், கால் நான்கும் படுத்தவாக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே ஓடுகிறது, யாரைப் பார்த்து ஓடுகிறது. அவளைப் பார்த்துத்தான். தூக்கத்திலும் அவள் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது, அந்தத் தூக்கத்துக்குள் நிற்கிற வசந்தாமணியிடம் போய், அடி பாவி, கொஞ்சம் வாயை மூடு என்று சொல்ல வழியில்லை. "மாமா, பின்னங்கால் சுடுதுங்க, உள்ளுக்குள்ள எலும்பு கீறல் விட்டிருக்கும் போல. இன்னைக்கு வேண்டாமுங்க" என்றாள் காலையில். சென்னியப்பன் கோபப்படவில்லை. அவன் கோபக்காரனே இல்லை, அவள்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை, நாயையும் அடித்ததில்லை. "தங்கராசு பாத்துட்டான் அம்மிணி, சதை இழுப்புதான். ஊசி போட்டா வலி தெரியாது" என்றான். வலி தெரியாவிட்டால் எலும்பு சேர்ந்துவிடுமா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவன் வேனின் கதவைத் திறந்துவிட்டான், முத்தான் அந்தக் காலோடு தானாகவே தாவி ஏறிக்கொண்டது.

பின்னாலிருந்த மைக்கில் யாரோ தும்மினார்கள். தும்மல் கம்பத்து ஸ்பீக்கர் வழியாகக் காடு முழுக்கப் போய் வேலியில் பட்டுத் திரும்பி வந்தது, அப்புறம் அறிவிப்பு, பந்தயத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே என்று தொடங்கி இழுத்துக்கொண்டே போயிற்று. பெயர்கள் வந்தன, புயல் என்றார்கள். முத்தானுக்கு மைக்கில் பெயர் புயல். ஒவ்வொரு தடவையும் அவள் வேறு ஏதோ நாய் என்றுதான் முதலில் நினைப்பாள். இதற்கு முன்னால் ஓடிய சாம்பானுக்கு மைக்கில் என்ன பெயர் வைத்திருந்தார்கள், சூறாவளியா, என்னவோ காற்றுப் பெயர்தான். சாம்பானை நினைக்கக் கூடாது என்று வேனில் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள், நினைக்கக் கூடாது என்பதை நினைக்கும்போதே சாம்பான் வந்து நின்றாயிற்று. போன வருசம் இதே காடு, இதே கோடு. அன்றைக்குப் புழுதி அதிகம், ஆறு நாயும் ஒரே புழுதிக்குள் இருந்தன, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகையால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். சாம்பான் ஓடியா, ஓடியா சாமி, ஓடியா. புழுதி விலகியபோது சாம்பான் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது, அதன் முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே சம்பந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, கதவில் கழன்ற கொண்டி ஆடுகிற மாதிரி. மற்ற மூன்று காலும் ஓடின. கத்தவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தது, வந்து கோட்டைத் தாண்டி அவள் புடவையில் தலையை வைத்துவிட்டு, சாப்பாட்டுக்காக வாயைத் திறந்தது. கூப்பிட்டாயே, வந்துவிட்டேன், வை என்கிற மாதிரி. அவள் கையில் ஒரு துண்டுக் கறி இருந்தது, வைத்தாள், தின்றது. அன்று சாயங்காலம் சென்னியப்பனும் தங்கராசும் சாம்பானைச் சாக்கின்மேல் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு என்று கொண்டுபோனார்கள், வரும்போது கழுத்துப்பட்டை மட்டும் வந்தது. ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் வேறு, வேன் வந்த பக்கம் வேறு. வேன் வந்த பக்கம் பழைய கல்லுக்குழிதான் இருக்கிறது.

கல்லுக்குழியில் எப்போதும் தண்ணீர் கிடக்கும், பச்சையாக, அசையாமல். ஆட்டுக்குத் தழை ஒடிக்க அந்த வழியாகத்தான் அவள் போக வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் ஓடி முடிந்த நாய்கள் எல்லாம் அங்கேதான் முடிகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை, கல்யாண வீட்டில் விவாகரத்தைப் பற்றிப் பேசாத மாதிரி. ஒருநாள் உச்சிவெயிலில் போனபோது முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. நாய் ஓடிவந்து நின்று நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்குமே, அதே சத்தம். திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை, கற்றாழையும் பாறையும்தான். நடந்தாள், மறுபடியும் இரைத்தது, ஒன்றில்லை, நிறைய. நின்றால் நின்றது, நடந்தால் வந்தது. தன் மூச்சுத்தான் என்று சொல்லிக்கொண்டாள், வெயிலில் ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். சோதித்துப் பார்க்க மூச்சை அடக்கினாள். அவள் அடக்கிய பிறகும் அங்கே யாரோ மூச்சு விட்டார்கள். தழையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். மந்திரித்தால் போவதற்கு அவை பேய்களா என்ன, சோறு கேட்டு வந்தவை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தி, யாரோ ஒருவன், சாமி வா, கண்ணு வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட குரல் நிற்கவில்லை போலிருக்கிறது. நாய்கள் கத்துவதில்லை, முயல் மட்டும்தான் கத்தும். முத்தான் குட்டியாக இருந்தபோது பழக்குவதற்கென்று சென்னியப்பன் உயிர் முயல் பிடித்துவந்தான், குட்டிக்கு எட்டட்டும் என்று அதன் பின்னங்காலை ஒடித்து விட்டான். முயல் கத்தினால் பச்சைக் குழந்தை கத்துகிற மாதிரியே இருக்கும், அக்கம்பக்கத்தில் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறதா என்று பால்காரர் விசாரித்துவிட்டுப் போனார்.

கொடி இன்னும் விழவில்லை. பக்கத்தில் மற்ற ஐந்து நாய்களுக்கும் கூப்பிடுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள், எல்லோரும் ஆண்கள், கனைத்துக்கொண்டும் துண்டை உதறிக்கொண்டும். ஒருவர் கற்கண்டு மென்றார். வசந்தாமணி வாய்க்குள் முந்தானையைச் சுருட்டித் திணித்துக்கொண்டாள், பார்க்கிறவர்களுக்குப் புழுதிக்காக மூடிக்கொண்ட மாதிரி இருக்கட்டும். கூப்பிடப்போவதில்லை. இதுதான் அவள் முடிவு, வேனில் வரும்போது எடுத்தது, மிகச் சின்ன முடிவு, யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். குரல் வராவிட்டால் முத்தான் ஓடாது, நடுக்காட்டில் நின்று பார்க்கும், மோப்பம் பிடிக்கும், ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். கோபியிலிருந்து நாயை விலை கேட்டு வந்திருக்கிற வெள்ளைச் சட்டைக்காரர் காரில் ஏறிப் போய்விடுவார். போகட்டும். கால் பிழைக்கும், கால் பிழைத்தால் கல்லுக்குழி இல்லை. ஆனால் இந்தத் தொண்டையை எப்படி நம்புவது. வருசக்கணக்காக ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய தொண்டை. போன வாரம் சந்தையில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தத்துக்கு இவள் வாய் தானாக ஓடியா சாமி என்றது, காய்க்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தூக்கத்தில் கூப்பிடுகிறாளாம், சென்னியப்பன் சொல்கிறான். விக்கல் மாதிரி, கொட்டாவி மாதிரி, கொடி விழுந்த உடனே அதுபாட்டுக்கு வெளியே வந்துவிட்டால். அவள் முந்தானையை இன்னும் உள்ளே தள்ளினாள், குமட்டியது. நேற்று மத்தியானத்திலிருந்து முத்தானுக்குச் சோறு இல்லை, உடம்பு கனக்கக் கூடாதாம். இந்தப் பசியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அதற்குப் பந்தயம் தெரியாது, கோடு தெரியாது, தட்டில் ராகியும் முட்டையும் கறியும் வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள் என்று மட்டும்தான் தெரியும். இங்கே தட்டே இல்லை. பொய் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று இத்தனை வருசமாகத் தோன்றாதது இப்போது தோன்றியது. "என்னுங்க்கா வாயை மூடிட்டு நிக்கறீங்க" என்றான் தங்கராசு. அவள் திரும்பவில்லை. அவன் பெருமூச்சு விட்டான், சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்தான்.

கொடி விழுந்தது. மஞ்சள் துண்டு பக்கவாட்டில் விலகியது, தரையோடு தரையாக ஒரு வெளிறிய கோடு கிளம்பியது. பக்கத்து ஆண்கள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள், வா வா வா, டேய் வாடா, ஏய் ராணி. வசந்தாமணி வாய்க்குள் துணியைக் கடித்துக்கொண்டு நின்றாள், பல்லுக்கு நடுவில் துணி நறநறத்தது, வரவில்லை, தொண்டை அடங்கித்தான் இருக்கிறது, ஜெயித்துவிட்டாள். அப்போது வசந்தாமணி கூப்பிட்டாள். முத்தான், ஓடியா, ஓடியா சாமி. வாயைத் தொட்டுப் பார்த்தாள், துணி இருந்தது, உதடு அசையவில்லை. முத்தான், ஓடியா சாமி, அம்மா சோறு வெச்சிருக்கறேன் பாரு. காட்டின் நான்கு பக்கமும் அவள் குரல் நின்று கூப்பிட்டது, பின்னாலிருந்து, கம்பத்தின் மேலிருந்து, வேலியில் பட்டு எதிரிலிருந்தும். கல்லுக்குழியில் மூச்சிரைத்தவர்கள் இப்போது வாய் திறந்துவிட்டார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். செத்துப்போய்விட்டோமா என்றுகூட நினைத்தாள், செத்தவளின் குரல்தான் இப்படி உடம்பில்லாமல் சுற்றும். மெதுவாகத் திரும்பினாள். தங்கராசு தன் செல்போனை மைக்கின் வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தான். "மாமா புடிச்சு அனுப்பிச்சதுங்க்கா, போன வாரம் நீங்க சோறு வெக்கறப்ப. உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிட்டா எதுக்கும் இருக்கட்டும்னு" என்றான், உதவி செய்தவனின் முகத்தோடு. குரலுக்குப் பின்னால் தட்டு தரையில் நகர்கிற சத்தமும் கேட்டது. அவள் வீட்டுத் தட்டு.

வெளிறிய கோடு வந்துகொண்டிருந்தது. முதலாவதாக வந்துகொண்டிருந்தது, அதுதான் கொடுமை. பின்னங்கால் தரையை முழுதாகத் தொடவில்லை, நுனியை மட்டும் வைத்து வைத்து எடுத்தது, அது யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்குத் தெரிந்தது. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வராதே என்று கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அவள் என்ன கத்தினாலும் அது அவள் குரல்தான். நில் என்று ஒரு சொல்லை முத்தானுக்கு யாரும் பழக்கியதில்லை, ஓடுகிற நாய்க்கு அது எதற்கு, பழக்கினால் பாதியில் நின்று தொலைக்கும் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டான், அவளும் சரிதானே என்றிருந்தாள். நில் என்றாலும் வரும், போ என்றாலும் வரும், சாகாதே என்றால் இன்னும் வேகமாக வரும். சும்மா இருந்தாலும் வருகிறது. அப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை, கோட்டை மிதித்துத் தாண்டி ஓடினாள். அது ஓட வேண்டிய தூரத்தில் கொஞ்சத்தையாவது தான் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். புடவை தடுக்கியது, தட்டுக்கட்டைகள் காலைக் குத்தின, மைக்குக்காரர் ஏதோ அலறினார், அதற்குமேல் அவள் குரல் அலறியது. நெருங்கியபோது மண்டியிட்டுக் கையை விரித்தாள். முத்தான் அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு விலகி, அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. அவள் பின்னால் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாய்ந்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள், இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள், மற்ற நாய்கள் தலைக்குமேல் காற்று மாதிரி தாண்டிப் போயின. "நாந்தான் சாமி, நாந்தான், இங்க பாரு" என்றாள். அது பார்க்கவில்லை. அந்தத் திறந்த கண்கள் அவள் தோளுக்கு மேலாகக் கம்பத்தைப் பார்த்தன, உடம்பு முழுக்க உதறிக்கொண்டு அவளை விட்டு அவளிடம் போகத் திமிறியது. ஒரு கையால் பின்னங்காலைத் தடவினாள். கொதித்தது, ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதுகளைப் பொத்தித் தலையை வயிற்றில் அழுத்திக்கொண்டாள். முத்தான், ஓடியா சாமி. எவ்வளவு ஆசையாக இருந்தது அந்தக் குரல். பிறந்ததிலிருந்து அவளை ஒருவரும் இப்படிக் கூப்பிட்டதில்லை, எழுந்து போய்விடலாமா என்று அவள் காலுக்கே ஒரு துடிப்பு வந்தது.

குரல் நின்றது. யாரோ போனை வாங்கிவிட்டார்கள். சென்னியப்பன் காட்டின் அந்தக் கடைசியிலிருந்து துண்டை உதறித் தோளில் போட்டபடி நடந்தே வந்தான், வந்து அவளுக்கு எதிரே குந்தினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், அவன் அவள் முழங்கையில் இருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தான். "இனி நான் கூப்புட மாட்டனுங்க மாமா. சத்தியமா மாட்டேன்" என்றாள், மூச்சு வாங்கியது. அவன் தலையை ஆட்டினான், பாவம், அவளுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். "நீ கூப்புட வேண்டாம் வசந்தா. இனி உனக்கெதுக்கு அந்தக் கஷ்டம். அதான் போன்ல இருக்குதே." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம்தான், எப்போதும் பார்க்கிற முகம். எழுந்தாள். பருத்திக்கொட்டை மூட்டை தூக்கிப் பழகிய தோளில் முத்தானைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சூடான காலைக் கையால் தாங்கிக்கொண்டு, வேன் நின்ற பக்கம் போகாமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான். "ஏ, அம்மிணி, எங்க போற, நாயை உட்டுட்டுப் போ" என்று அவன் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, அவள் மூச்சும் முத்தானின் மூச்சும்தான். அப்புறம் பின்னாலிருந்து வசந்தாமணி கூப்பிட்டாள், அம்மா சோறு வெச்சிருக்கறேன் பாரு, ஓடியா, ஓடியா. தோளில் கிடந்த முத்தான் தலையைத் தூக்கியது, நான்கு காலும் காற்றில் ஓட ஆரம்பித்தன. அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள். நகம் முதுகில் கீறியது, நாயின் நெஞ்சு அவள் பிடரியில் அடித்துக்கொண்டது, குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.